பணம் கட்டுமுன் பிள்ளையின் போனில் திறந்து பாருங்கள்

கேள்வி: ரீச்சர், என் மகன் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறான். போன கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்து 'ஒன்லைன் ஆய்வுகூடம்' என்று மடிக்கணினியில் ஒன்றைக் காட்டினார். மின்சுற்று, ஊசல் எல்லாவற்றையும் திரையிலேயே இழுத்தும் ஆட்டியும் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு 45,000 ரூபாய், இந்த மாதத்துக்குள் கட்டினால் 38,000 என்கிறார். மகனுக்கு நல்ல ஆசை. காப்பை அடகு வைத்தால்தான் கட்டலாம். வாங்கலாமா?
ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: காப்பை அடகு வைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அவர் திரும்ப வந்தால் அந்தப் படங்களின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்கே 'ஃபெட்' என்று ஆங்கில எழுத்துகளில் சின்னதாக இருந்தால், அது அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் செய்து வெளியிடும் சிமுலேசன், அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரி. 2001 இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வைமன் அடுத்த வருடமே தொடங்கிய வேலை அது. மின்சுற்று, ஊசல், அணு, ஒளிமுறிவு என்று நிறைய இருக்கின்றன. எல்லாம் அவர்களுடைய தளத்தில் இலவசம், பெயர் பதியாமலேயே திறக்கலாம். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு.

அந்த ஊசலை நான் மகனோடு இருந்து பார்ப்பதுபோல் ஒருமுறை சொல்கிறேன். நூலின் நீளத்தை 1 மீற்றரில் வைத்து ஆட்டிவிட்டால் ஒரு அலைவுக்கு ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கும். குண்டின் திணிவைக் கூட்டினாலும் அதே 2 செக்கன்தான். பிள்ளைகள் இந்த இடத்தில் கட்டாயம் இன்னொருமுறை ஆட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் பூமியை எடுத்துவிட்டுச் சந்திரனைத் தெரிவு செய்தால், அதே ஊசல் ஆறுதலாக, கிட்டத்தட்ட 5 செக்கனுக்கு ஒரு தடவை ஆடும். வகுப்பில் ஒரு மணித்தியாலம் கரும்பலகையில் எழுதினாலும் வராத விளக்கம் இதில் வருகிறது. இதற்கு நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

சரி, அவர் விற்பது முழுக்க வேறு பொருளாகவும் இருக்கலாம். அப்படியானால் இரண்டு விசயத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்று, அவருடைய மடிக்கணினியில் பார்த்தது போதாது. மகனின் போனில், உங்கள் வீட்டுச் சிக்னலில், உங்கள் டேட்டாவில் ஒரு கிழமை பாவிக்கக் கேளுங்கள். ஒரு கிழமைக்கு எவ்வளவு டேட்டா போனது என்று போனின் செட்டிங்கில் பார்த்தால் இரண்டு வருடச் செலவு விளங்கிவிடும். விலையோடு அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் கவலை: தமிழ். 'தமிழில் இருக்கிறது' என்று சொல்லி விற்கும் பல பொதிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. நல்ல தமிழ்தான், ஆனால் நம் பரீட்சைத் தமிழ் வேறு. நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்கிறார்கள். இப்படித் தெரியாத சொல்லாக இருந்தால் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். தெரிந்த சொல்லே வேறு பொருளில் வருவதுதான் ஆபத்து. 'நிறை' என்றால் நமக்கு நியூற்றனில் அளப்பது. அங்கே நிறை என்பது கிலோகிராமில் அளப்பது, நாம் திணிவு என்று படிப்பது. 'வேகம்' என்றால் நமக்குத் திசையும் சேர்ந்தது. அங்கே வெறும் கதியைத்தான் வேகம் என்பார்கள், திசை சேர்ந்தால் திசைவேகம். இரண்டு வருடம் அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை நம் வினாத்தாளில் தடுமாறும். அதனால் ஏதாவது இரண்டு பாடத்தைத் திறந்து, மகனின் கல்வித் திணைக்களப் பாடக்குறிப்போடு சொல்லுக்குச் சொல் ஒத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கு ஏற்றது வேண்டுமென்றால், கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. அதுவும் இலவசம்.

காசு கொடுக்கத் தகுந்தது என்று நான் நினைப்பது ஒன்றே ஒன்று: பிள்ளை பிழைவிடும்போது திருத்திச் சொல்லும் ஒரு ஆள். அந்தப் பொதியில் ஆசிரியர் நேரில் வருவாரா, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், கேள்வி அனுப்பினால் யார் பதில் சொல்வார் என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, பற்றுச்சீட்டில் எழுதித் தரவேண்டும். இடையில் நிறுத்தினால் மிச்சப் பணம் திரும்புமா என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுதித்தரத் தயங்கினால் அந்தக் கதையை அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் 60,000 ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். இரசாயன ஆய்வுகூடத்தில் பொருட்கள் குறைவு. கணினி மூன்று இருக்கிறது, இணையம் அடிக்கடி நின்றுவிடும். மாய ஆய்வுகூடச் சந்தா எடுப்பதா, கண்ணாடிப் பொருட்கள் வாங்குவதா?
ஓர் ஆசிரியர், திருக்கோவில்

பதில்: சேர், முழுப் பணத்துக்கும் கண்ணாடிப் பொருட்களும் இரசாயனங்களும் வாங்குங்கள். திரைக்கு வேண்டியதை இலவசமாக எடுக்க வழி இருக்கிறது.

ஃபெட் சிமுலேசன் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கலாம். சில மெகாபைட்தான் வரும். சிக்னல் நல்ல இடத்தில், அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போகும்போது, ஒரு பென் டிரைவில் இறக்கி வந்து மூன்று கணினியிலும் போட்டால் போதும். அதன்பிறகு இணையமே தேவையில்லை, பிரவுசரில் திறக்கும். வரைபுகளுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இருக்கிறது. கணினியில் நிறுவிவிட்டால் அதுவும் இணையமின்றி ஓடும், பாடசாலைப் பாவனைக்குக் கட்டணமும் இல்லை.

கண்ணாடிப் பொருளை ஏன் சொல்கிறேன் என்றால், நியமிப்பை, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் செறிவைக் காண்பதை, திரையில் படிப்பிக்க முடியாது. கடைசித் துளியைத்தான் சொல்கிறேன். இடது கை அளவியின் (துளித்துளியாக விடும் அளவுக் குழாயின்) திருகில், வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டு. துளி விழும் இடத்தில் ஒரு இளஞ்சிவப்பு வந்து, சுழற்றியதும் மறையும். அது மறைய எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதைக் கண்டு கை தானாக மெதுவாகும். பிறகு அரைத் துளியைக் குடுவையின் கழுத்தில் தொட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி விடுவது. நிறம் காட்டும் பினோத்தலீன் கடும் சிவப்பாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி இரண்டு தடவை தொடங்கிய பிள்ளைக்குப் பிறகு பிழை வராது. சுட்டியை அழுத்தினால் சரியான அளவில் நிற்கும் மாய அளவியில் அந்தக் கை வராது.

ஒரு அளவியைச் சுற்றிப் பதினைந்து பிள்ளைகள் நின்று பார்க்கும் நிலை மாற வேண்டும். ஆகவே விலையுயர்ந்த ஒரு கருவியை விட, அளவி, குழாயி, தாங்கி என்று எண்ணிக்கையைக் கூட்டுங்கள். செயன்முறைக்கு முதல்நாள் மாய ஆய்வுகூடத்தில் ஒத்திகை பாருங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'கெம் கலெக்டிவ்' அதற்கு நல்லது, பிள்ளைகள் எவ்வளவு கரைசல் கலந்தாலும் ஒன்றும் வீணாகாது. ஆங்கிலத்தில்தான் இருக்கும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிவரும்.

கேள்வி: '300 விஞ்ஞான அனிமேசன்' என்று ஒரு பென் டிரைவை இரண்டு மாதத்துக்கு முன் கடையில் வாங்கினேன். டியூசன் வகுப்புக்கு. பாதிக்கு மேல் திறக்கவில்லை. கடைக்காரர் என் கணினி சரியில்லை என்கிறார்.
வாசகர், ஏறாவூர்

பதில்: உங்கள் கணினியில் பிழை இருக்காது. திறக்காத கோப்புகளின் பெயர் 'எஸ்.டபிள்யூ.எஃப்' என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அவை ஃபிளாஷ் கோப்புகள். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது, அடுத்த மாதமே பிளேயர் அவற்றை ஓட்டுவதையும் தடுத்துவிட்டது. 'ரஃபிள்' என்ற இலவச மென்பொருளில் சில ஓடும். முயன்று பாருங்கள், ஆனால் அதற்காகக் கடைக்காரரை விட்டுவிட வேண்டாம். திறக்காத பொருளைத் திறக்கும் என்று விற்றது அவர்தான்.

பற்றுச்சீட்டோடு போய் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, அதனால் இந்தக் கிழமையே எழுதுங்கள். எப்படி, எங்கே என்று கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். திறக்காத கோப்பு காட்டும் செய்தியைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: நான் வந்தாறுமூலை கெம்பஸில் முதலாம் வருடம். ஒரு விஞ்ஞான ஆப்பை ஏழு நாள் இலவசம் என்று அக்காவின் கார்ட் இலக்கம் கொடுத்து எடுத்தேன். பிடிக்காமல் அழித்துவிட்டேன். பிறகும் காசு வெட்டுகிறது.
மாணவி

பதில்: தங்கச்சி, ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, 'கொடுப்பனவுகளும் சந்தாக்களும்' பகுதிக்குள் போய் அங்கே ரத்துச் செய்யுங்கள். இன்றைக்கே செய்துவிட்டு, அக்காவிடமும் நடந்ததைச் சொல்லி அடுத்த மாத வங்கிக் கூற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டிய காசைத் திருப்பித் தரும்படி அதே இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாம் வருடப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்ஸ்டக்ஸ்' பாடநூல்களை எடுத்துப் படியுங்கள். முழுப் புத்தகமும் இலவசமாக இறங்கும், கார்ட் இலக்கம் கேட்காது.