பூச்சி, புழு, எதிர்ப்பாற்றல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் ஈயோசினோபில் என்ற வெள்ளையணு 1,400 என்று வந்திருக்கிறது. வயிற்றில் பூச்சியா?

இருக்கலாம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வழக்கமாக 500-க்குள் இருக்கும். ஆனால் அலர்ஜி, ஆஸ்துமா, சில மருந்துகளும் அதை ஏற்றிவிடும். மலப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். முட்டைகள் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை.

கேள்வி: பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளையணுக்கள் புழுவை ஏன் விழுங்குவதில்லை?

எப்படி விழுங்கும்? வெள்ளையணுவைப் பார்க்கவே மைக்ரோஸ்கோப் வேண்டும். பெண் உருண்டைப்புழுவோ ஓர் அடி நீளம்கூட வளரும். ஆகவே கழுவித் தள்ளுவதுதான் வழி. குடல் சுவரிலுள்ள டஃப்ட் செல்கள் புழுவை மோப்பம் பிடித்து, செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதமான இன்டர்லூகின்-25-ஐச் சுரக்கின்றன. பின்னாலேயே இன்டர்லூகின்-4, 13 வருகின்றன. சளி பெருகி வழுக்குகிறது, குடல் தசை இறுக்கித் தள்ளுகிறது.

கேள்வி: அப்படியும் வருஷக்கணக்கில் எப்படித் தங்குகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. புழு ஒளிந்துகொள்வதைவிட, உடலைச் சமாதானப்படுத்திவிடுகிறது என்பதே சரி. சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பெருக்கி, இன்டர்லூகின்-10 சுரக்க வைக்கிறது. எலிக் குடலில் வாழும் ஒரு புழு, அதே அடக்கும் வேலையைச் செய்கிற நம் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்துக்குப் போலிச்சாவி போன்ற புரதத்தைத் தானே தயாரிக்கிறது! ரத்தக்குழாயில் வாழும் சிஸ்டோசோமா என்ற புழு, நம் ரத்த வகை அடையாளங்களையே மேலே போர்த்திக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த அடக்குமுறை புழுவோடு நிற்பதில்லை. புழு உள்ளவர்களிடம் பிசிஜி போன்ற தடுப்பூசிகளுக்கான எதிர்வினை மந்தமாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: புழு இருந்தால் அலர்ஜி, குடல் அழற்சி வராதாமே? முட்டை வாங்கி விழுங்கலாமா?

வேண்டாம். பன்றிச் சாட்டைப்புழு முட்டைகளைக் குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த சிறு சோதனைகள் நம்பிக்கை தந்தன. பெரிய சோதனைகளில் அவை வெற்று மருந்தைத் தாண்டவில்லை.

கேள்வி: ஸ்டீராய்டு தொடங்குமுன் புழுப் பரிசோதனை எதற்கு?

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல் புழுவுக்காக. இது உடலுக்குள்ளேயே தன் சுற்றை முடித்து மறுபடி தொற்றும். பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தளர்த்தியதும் லார்வாக்கள் பெருகி நுரையீரல்வரை பரவும். குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துவரும். உயிருக்கே ஆபத்து. வழக்கமான ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையை நம்பாதீர்கள், இதற்கு ஐவர்மெக்டின்தான். முதல் கேள்வி கேட்டவரும் கவனிக்கவும்: இந்த முற்றிய நிலையில் ஈயோசினோபில் ஏறாமலே இருக்கலாம்.