தசை வெளிறி, கொலாஜன் ஊதாவாக வந்தால்

கேள்வி: கருப்பைத் திசுவை ஃபார்மலினில் வைத்துப் பதப்படுத்தி, தசையைச் சிவப்பாகவும் கொலாஜனை (இணைப்புத் திசுவின் நார்ப் புரதம்) நீலமாகவும் காட்ட வேண்டிய மாசன் டிரைக்ரோம் சாயம் போடுகிறோம். ஆனால் தசை வெளிறிய இளஞ்சிவப்பு, கொலாஜன் ஊதா. நீலச் சாயத்தில் நேரத்தைக் கூட்டியும் பார்த்தோம். ஸ்லைடு முழுக்க நீலமானதுதான் மிச்சம். எங்கே பிழை?

பதில்: நீலத்தைத் தொடாதீர்கள். பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது, அதுவும் இரண்டு இடங்களில்.

தசை வெளிறுவதற்குக் காரணம் ஃபார்மலின் மட்டும் பட்ட திசு. அதில் சிவப்புச் சாயம் சரியாக ஏறாது. மெழுகு நீக்கி நீருக்குக் கொண்டுவந்த, திசுச் சீவலான செக்‌ஷனை பூவேன் என்ற பதப்படுத்தும் கரைசலில் 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். அறை வெப்பத்தில் என்றால் ஓர் இரவு. பிறகு மஞ்சள் போகும்வரை ஓடும் நீரில் கழுவ வேண்டும். (பூவேனில் உள்ள பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். பாட்டில் மூடியில் படிகம் கட்ட விடாதீர்கள்.)

அடுத்து, செல்லின் உட்கருவுக்கான வைகர்ட் அயர்ன் ஹிமட்டாக்சிலின் சாயம், 10 நிமிடம். சாதாரண ஹிமட்டாக்சிலின் பின்னால் வரும் அமிலங்களில் கரைந்துபோகும். வைகர்ட்டின் இரு கரைசல்களையும் அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். கலவை பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடலாம். கழுவியபின் பிப்ரிச் ஸ்கார்லெட்–ஆசிட் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தில் 5 முதல் 10 நிமிடம்.

கொலாஜன் ஊதாவாவது இதற்கடுத்த கட்டத்தில். சிவப்பு முதலில் எல்லாவற்றிலும் ஏறும். தசை இழை நெருக்கமான பின்னல், கொலாஜன் தளர்ந்தது. பாஸ்போமாலிப்டிக்–பாஸ்போடங்ஸ்டிக் அமிலக் கலவை தளர்ந்த இடத்துச் சிவப்பை முதலில் வெளியேற்றுகிறது. காலியான அங்கேதான் பருமனான அனிலின் புளூ மூலக்கூறு நுழைகிறது. அமிலத்தில் சீக்கிரம் எடுத்தால் மிஞ்சிய சிவப்பின்மேல் நீலம் ஏறி ஊதாவாகும். ஆகவே 10–15 நிமிடம் என்ற கணக்கை மட்டும் நம்பாமல், ஸ்லைடை நுண்ணோக்கியில் பாருங்கள்: கொலாஜன் நிறமிழந்து, தசை சிவப்பாக நிற்க வேண்டும். 4–5 மைக்ரானைவிடத் தடித்த செக்‌ஷனுக்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

அங்கிருந்து கழுவாமலே நேராக அனிலின் புளூவுக்கு, 5 நிமிடம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு முக்கு, 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 2–3 நிமிடம். இந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் வேண்டாம். காரத்தன்மை இருந்தால் நீலம் கழன்றுவிடும். ஆல்கஹாலிலும் ஊறவிடாமல் விறுவிறுவென்று சைலீனுக்குக் கடத்தி, டிபிஎக்ஸ் என்ற ஒட்டும் பிசினில் மூடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு குடல்வால் செக்‌ஷனையும் போடுங்கள். தசையும் கொலாஜனும் அதில் அடுத்தடுத்து இருப்பதால், அது சரியாக வந்து உங்கள் திசு மட்டும் வெளிறினால் சாயத்தைக் குறை சொல்ல முடியாது.