‘ஜம்ப் சரியில்லை’ என்கிறார்கள், எதைத் திருத்துவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். செம்பனைத் தோட்டத்தையே களமாக வைத்து, கேம் செய்யும் மென்பொருளான கோடோட்டில் ஒரு பிளாட்ஃபார்ம் கேம் செய்திருக்கிறேன். பாம்புகளுக்குத் தப்பி, மட்டைக்கு மட்டை தாவிக் குலைகளைச் சேர்க்க வேண்டும். சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் என்று சிலருக்குக் கைப்பேசியில் விளையாடக் கொடுத்தேன். பாதிப் பேர் “ஜம்ப் சரியில்லை” என்கிறார்கள். சிலர் “ரொம்பக் கஷ்டம், ஈஸியாக்கு” என்கிறார்கள். அத்தை மகன் துப்பாக்கி வைக்கச் சொல்கிறான். அம்மா, “எதுல நிக்கணும், எது சும்மா படம்னே தெரியலையேப்பா” என்று சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லோர் பேச்சையும் கேட்டால் அது என் கேமாகவே இருக்காது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எந்த இடத்தில் இடறுகிறது என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியத்தை நம்ப வேண்டியதில்லை.

முதலில் ஜம்ப். அப்படிச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்: விளிம்புவரை ஓடினார், பட்டனை அழுத்தினார், ஆள் குதிக்காமல் விழுந்துவிட்டான். கால் தரையில் இருந்தால் மட்டும் குதி என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. கால் விளிம்பைத் தாண்டிய அடுத்த ஃபிரேமிலேயே கதவு சாத்தியாயிற்று. கட்டைவிரலுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. விளையாடுபவர் கண்ணுக்கு ஆள் இன்னும் மட்டைமேல்தான் நிற்கிறான்.

ஆகவே தரையை விட்ட பிறகும் 0.1 விநாடி, அதாவது 6 ஃபிரேம், குதிக்க விடுங்கள். கொயோட்டி டைம் என்பது இதுதான். கூடவே ஜம்ப் பஃபரும் வேண்டும்: இறங்கும்போது கால் படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிட்டால், அதை 0.1 விநாடி நினைவில் வைத்திருந்து, பட்டவுடன் குதிக்கவைப்பது. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ கேமில் ஆளை இயக்கும் நிரலை அதைச் செய்தவர்களே பொதுவில் போட்டிருக்கிறார்கள். விளிம்புச் சலுகை அதிலும் 0.1 விநாடிதான். கடினமான கேம் என்று பேரெடுத்ததே இவ்வளவு விட்டுக்கொடுக்கிறது. ஒன்று கவனம்: குதித்த கையோடு இரண்டு டைமரையும் பூஜ்யமாக்குங்கள். மறந்தால் ஆள் அந்தரத்தில் மறுபடி குதிப்பான். புதுப் புகார் கிளம்பும்.

கைப்பேசியில் கொடுத்திருப்பதால் பட்டனையும் பாருங்கள். கண்ணாடித் திரையில் பட்டனின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாது. ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க விரல் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பட்டனைவிடத் தொடுபரப்பு நன்றாகவே பெரிதாக இருக்கட்டும். திரையின் வலது பாதி முழுவதையும் ஜம்புக்கே எழுதிக் கொடுத்தாலும் தப்பில்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அம்மாவின் பேச்சுதான் கடிதத்திலேயே விலைமதிப்புள்ளது. கேம் ஆடிப் பழகிய பையன்கள் இது தரையாகத்தான் இருக்கும் என்று ஊகித்துச் சமாளித்துவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. திரையில் இருப்பதை மட்டும் பார்த்தார். கரும்பச்சைத் தோப்புக்கு முன்னால் கரும்பச்சை மட்டை வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னணியைக் காலைப் பனிபோல வெளிறச் செய்யுங்கள். நிற்கக்கூடிய மட்டைகளின் மேல் ஓரத்தில் மட்டும் வெளிச்சமாக ஒரு கோடு இழுங்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் மட்டை எடுப்பாகத் தெரிந்தால் சரி.

‘கஷ்டம்’ என்பதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். ஆள் சாகும் ஒவ்வொரு இடத்தின் எக்ஸ், ஒய் எண்களையும் ஒரு கோப்பில் எழுதவைத்து, லெவல் படத்தின்மேல் புள்ளியாக வையுங்கள். பள்ளத்தின் இந்தக் கரையை ஒட்டிப் புள்ளிகள் குவிந்தால் மேலே சொன்ன ஜம்ப் கோளாறு. எதிர்க்கரையில் இறங்கும் இடத்தில் குவிந்தால், அங்கே என்ன இருக்கிறதென்று கேமரா காட்டவில்லை. புள்ளிகள் பரவலாக இருந்தால் அது நீங்கள் வேண்டுமென்றே வைத்த கஷ்டம், கை வைக்காதீர்கள். செத்தவன் நெடுந்தூரம் திரும்ப நடக்க வேண்டியிருந்தால் அதை மட்டும் குறையுங்கள். 2010இல் வந்த ‘சூப்பர் மீட் பாய்’ ஆளைச் சளைக்காமல் சாகடிக்கும், ஆனால் கண்ணிமைப்பதற்குள் மறுபடி ஓடவிட்டுவிடும். அப்படியும் முடியாதவர்களுக்காக, ‘செலஸ்ட்’ தனியாக ஓர் அசிஸ்ட் மோட் வைத்திருக்கிறது. கேமின் வேகத்தையே அதில் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை கொடுக்கும்போது பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கையைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மைலோ குடித்த சொந்தக்காரர் முகத்துக்கு நேரே “நல்லா இருக்குலா” என்றுதான் சொல்வார். ஒருவர் முதல்முறை ஆடுவது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும் என்பதால், புதியவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள். மூன்று பேர், திருத்தம், பிறகு அடுத்த மூன்று பேர்.

அத்தை மகனிடம், துப்பாக்கி எந்த இடத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பாம்பு போகட்டும் என்று காத்து நிற்கும் இடத்தைக் காட்டினால், அவனைப் படுத்துவது அந்தக் காத்திருப்பு. பாம்பை வேகமாக நகரவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே இன்னொரு மட்டை வையுங்கள். எல்லா இடத்திலும் வேண்டும் என்றால், அவன் கேட்பது வேறு கேம். அதை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.