ரிமோட்டை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. மாலையானால் போதும், "அந்தக் காலத்துல தூர்தர்ஷன் ஒண்ணுதான். செய்தி, கச்சேரி, நாடகம், சினிமாப் பாட்டு எல்லாம் அதுலயே வரும். வீடே உட்கார்ந்து பார்ப்போம். இப்போ இத்தனை சேனல் இருந்தும் ஆளுக்கொரு மூலை" என்று ஆரம்பித்துவிடுகிறார். கணவருக்கு விவாத நிகழ்ச்சி வேண்டும். பிள்ளைகள் இருவரும் செல்போனைவிட்டு நிமிர்வதில்லை. தினமும் ரிமோட் சண்டை, நடுவில் சமாதானம் பேசுவது நான். மாமா ஆசைப்படுகிற மாதிரி ஒரு மாலையை வீட்டில் கொண்டுவர வழி உண்டா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உண்டு சகோதரி. ஆனால் உங்கள் மாமனார் சொல்லாமல் விட்ட சிலதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அன்றைக்கு ஒளிபரப்பே மாலையில் சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் விவசாயிகளுக்கு 'வயலும் வாழ்வும்' வரும், குழந்தைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா' வரும், செய்தி, நாடகம், கர்நாடக இசை வரும். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுகளுக்கு 'ஒலியும் ஒளியும்'. 1982-ல் டெல்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு, இரவில் இந்திச் செய்தியும் இந்தித் தொடர்களும் சேர்ந்துகொண்டன. 1984-ல் வந்த 'ஹம் லோக்' தொடரில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். நம் ஊரில் பாதிப் பேருக்கு அவர் பேசியது புரிந்திருக்காது. நடுநடுவே திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' வேறு.

எல்லாமே ரசிக்கும்படி இருந்ததா என்றால், இல்லை. நெல்லுக்கு எப்போது உரம் போடுவது என்பதை வயலே இல்லாதவர்கள் பார்த்தார்கள். அடுத்து வருவதைத் தவறவிடக் கூடாது, மாற்ற வேறு சேனலும் கிடையாது, அவ்வளவுதான். அரசு ஒளிபரப்பு என்பதால் செய்தியில் அமைச்சர்கள் ரிப்பன் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். இதையெல்லாம் உங்கள் மாமனாரும் அன்று திட்டியிருப்பார். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்தத் திட்டு வீட்டில் யார் மேலும் விழவில்லை. நிகழ்ச்சியை முடிவு செய்தவர்கள் சென்னை சுவாமி சிவானந்தா சாலை நிலையத்திலும் டெல்லியிலும் உட்கார்ந்திருந்தார்கள். கச்சேரி நீண்டுவிட்டதா, அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சியாக நின்று தூர்தர்ஷனைத் திட்டலாம். இன்றைக்கு ரிமோட் வைத்திருப்பவர்தான் குற்றவாளி. உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் வாரத்தில் ஒரு மாலை, சனிக்கிழமை ஏழிலிருந்து எட்டரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நிகழ்ச்சிப் பட்டியலை ஒரே ஒருவர் போட வேண்டும். அடுத்த வாரம் இன்னொருவர். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை 'முன்னோட்டம்' வருமே, அதுபோல வெள்ளிக்கிழமையே பட்டியலைச் சொல்லிவிடட்டும். எது வந்தாலும் மற்றவர்கள் முணுமுணுக்கலாம், மாற்றக் கூடாது. எதுவும் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முழுப் படம் போட்டால் அது வேறு கதையாகிவிடும்.

முதல் வாரத்தை மாமாவிடம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் பிள்ளைகள் அத்தோடு எழுந்து போய்விடுவார்கள். சின்னவரிடமிருந்து ஆரம்பியுங்கள். அவர் வீடியோ கேம் விளையாட்டைப் போட்டுக் காட்டினாலும் தாத்தா உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே, தனியாகச் சொல்லிவிடுங்கள்: "மாமா, நீங்க வயலும் வாழ்வும் பார்த்தீங்கல்ல, அப்படி நினைச்சுக்குங்க." முறைப்பார். பரவாயில்லை. பிள்ளைகள் கையில் போன் இருந்தாலும் முதல் சில வாரங்கள் கண்டுகொள்ளாதீர்கள், கூடத்தில் இருந்தால் போதும்.

மாமாவின் முறை வரும்போது சரக்குக்குப் பஞ்சமில்லை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் பழைய நிகழ்ச்சிகளைப் போடுகிறது. 2024 நவம்பரில் அவர்களே 'வேவ்ஸ்' என்ற செயலியையும் கொண்டுவந்தார்கள். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கேபிள் இல்லையென்றால் தூர்தர்ஷனின் டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போட்டுக்கொள்ளலாம், மாதக் கட்டணம் கிடையாது. பழைய நிகழ்ச்சிக்கு முன்னால் அவரையே இரண்டு நிமிடம் அறிவிப்பாளராகப் பேசச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் என்பதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்!

அப்புறம், உங்கள் கடிதத்தில் எல்லாருக்கும் என்ன பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் உங்கள் முறையும் கட்டாயம் இருக்க வேண்டும். சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அல்லது எட்டரைக்குமேல் கணவரைப் பரிமாறச் சொல்லுங்கள். எல்லாரும் கூடத்தில் இருக்க, நீங்கள் மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற ஏற்பாடு என்றால், இதைத் தொடங்கவே வேண்டாம்.

மற்ற ஆறு நாட்களை அப்படியே விட்டுவிடுங்கள். விவாதம் பார்க்கும் கணவருக்கு மட்டும் ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.