காரில் என்ன சத்தம்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (நிலாவெளி): அறுபதைத் தாண்டினால் ‘ஊ…’ என்று ஒரே இரைச்சல். கராஜில் நாலு ரயரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பொறுங்கள். அவ்வளவு காசை எடுக்குமுன் கொஞ்ச நேரம் மினக்கெட்டுப் பார்த்துவிடலாம். அந்த வேகத்தில் போகும்போது அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுங்கள். எஞ்சின் சத்தம் குறைந்த பிறகும் இரைச்சல் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் அடங்குகிறதென்றால் கோளாறு சக்கரப் பக்கம்.

அப்புறம், ரயரா, சக்கரத்தை உரசாமல் சுழல வைக்கிற பெயரிங்கா? வழவழப்பான காபெட் வீதியில் ஒரு மாதிரியும் கரடான வீதியில் வேறு மாதிரியும் கேட்டால் ரயர்தான். வண்டியை நிறுத்திவிட்டு ரயரின் மேல் உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் அரம்போலக் கையைப் பிடித்தால் சந்தேகமே வேண்டாம்.

எந்த வீதியிலும் ஒரே இரைச்சல் என்றால் பெயரிங்கைப் பாருங்கள். ஆளில்லாத நேரான வீதியில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பெயரிங்தான். மாடும் மானும் குறுக்கே வருகிற ஊர் இது, இந்தச் சோதனையை இரவில் செய்யவே வேண்டாம். கடைசியாக, அந்தச் சக்கரத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பழுதான பெயரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங் வழியே விரலுக்கு வரும். இவ்வளவும் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போனால் தேவையில்லாத ஒன்றையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

கேள்வி (உப்புவெளி): ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்று முன்பக்கம் அடிக்கிறது.

பதில்: சீவி ஜொயின்ற், அதாவது திரும்பும்போதும் எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற மூட்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, மடிப்பு மடிப்பாக இருக்கிற கறுப்பு ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்து, ரிம்மின் உட்பக்கமெல்லாம் கிறீஸ் தெறித்திருக்கும். கிறீஸ் வெளியே போய்க் கடற்கரை மணல் உள்ளே புகுந்தால் ஜொயின்ற் எப்படித் தாங்கும்? சத்தம் வருமுன் கண்டுபிடித்திருந்தால் உறையை மாற்றிப் புதுக் கிறீஸ் நிரப்புவதோடு முடிந்திருக்கும். இனி ஜொயின்றையே மாற்ற வேண்டும். சேர்விஸுக்கு விடும்போதெல்லாம் அந்த உறையை வடிவாகப் பார்க்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

கேள்வி (கிண்ணியா): சிக்னலில் நிற்கும்போது அடியில் தகரம் அதிர்வதுபோலச் சத்தம். ஓடினால் இல்லை.

பதில்: சைலன்சர் குழாயின் மேலுள்ள வெப்பத்தடுப்புத் தகடாக இருக்கும். உப்புக் காற்றில் அதன் போல்ட் துளைகள் துருப்பிடித்து விரிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கையால் தட்டிப் பாருங்கள், அதே சத்தம் வரும். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றால் இறுக்கினால் போதும். கழற்றி எறிந்துவிடாதீர்கள், மேலேயுள்ள ரப்பரையும் வயரையும் சூட்டிலிருந்து காப்பது அதுதான்.

கேள்வி (சீனன்குடா): காலையில் முதல் பிரேக்கில் ‘கர்ர்’ என்கிறது. பிறகு இல்லை.

பதில்: இரவுப் பனியிலும் உப்புக் காற்றிலும் டிஸ்கில் படிந்த மெல்லிய துரு. நாலைந்து பிரேக்கில் உரசிப் போய்விடும், பயமில்லை. ஆனால் நாள் முழுக்க இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் என்றால் பிரேக் பாட் தேய்ந்துவிட்டது, அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): என்னுடையது ரொயோட்டா அக்வா ஹைபிரிட் கார். வெயில் நேரத்தில் பின்சீற்றுக்குக் கீழே விசிறி இரைகிறது.

பதில்: ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கிற விசிறி அது. அளவுக்கு மீறி இரைந்தால் காற்று உள்ளே போகும் துவாரத்தில் தூசு அடைத்திருக்கும். பின்சீற்றுக்கு அடியில், பக்கவாட்டில் இருக்கும், சுத்தம் செய்விக்கலாம். அதை மறைத்துப் பையோ சாக்கோ வைக்க வேண்டாம், சூடு ஏறினால் பற்றரியின் ஆயுள் குறையும்.