பையன் ராத்திரியில் காருக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான், எந்தப் பிரிவில் சேர்ப்பது?

அம்மா, வணக்கம். உங்கள் நீளமான செய்தியைப் படித்தேன், உங்கள் பையனின் நோட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்களே, அதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளஸ் டூ படிக்கிற பையன், பொதுத்தேர்வுக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது, சாப்பிட்டு முடித்ததும் போர்டிகோவில் நிற்கிற எலக்ட்ரிக் காருக்குள் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ ஒயரைச் செருகுகிறான், கேட்டால் "பேட்டரி டேட்டா" என்கிறான், அவன் அப்பா வாரண்டி போய்விடும் என்று சத்தம் போடுகிறார், சித்தப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு எதிலும் சேர்க்காதீர்கள் என்கிறார். உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

முதலில் கார் விஷயம். அவன் செருகுகிற இடத்துக்கு ஓபிடி போர்ட் என்று பெயர். 16 பின் உள்ள இதில்தான் சர்வீஸ் சென்டர்காரர்களும் தங்கள் கருவியை மாட்டுவார்கள். காருக்குள் இருக்கிற சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைனுக்கு கேன் பஸ் என்று பெயர், பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்டது, இன்று பெட்ரோல் வண்டியோ பேட்டரி வண்டியோ பெரும்பாலும் இதுதான். அந்த லைன் போர்ட்டின் 6-வது, 14-வது பின்னில் வெளியே வருகிறது. தம்பி ஈஎஸ்பி32 என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, அதை அந்த லைனோடு இணைக்க ஒரு கேன் டிரான்ஸீவர் மாட்யூல், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க ஒரு குட்டி கன்வெர்ட்டர், இவ்வளவையும் வைத்து அங்கே ஓடுகிற தகவலைப் படிக்கிறான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் ஆகும், டியூஷன் ஃபீஸோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆனால் சில கட்டுப்பாடு போட வேண்டும், அதைக் கறாராகவே போடுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது, அதில் ஓடுவது பல நூறு வோல்ட், அங்கே பழகிப் பார்க்கிற வேலையே கிடையாது. அப்புறம், படிக்கலாம், எழுதக் கூடாது. இதை நீங்களே சோதிக்கலாம். அவன் காருக்கு அனுப்புகிற கோரிக்கை ஒவ்வொன்றும் ஒரு எண்ணில் தொடங்கும். 22 என்றால் "இந்தத் தகவலைக் கொடு" என்று கேட்பது, அது சரி. 2E என்றால் உள்ளே மாற்றி எழுதுவது, 31 என்றால் ஏதாவது ஒரு வேலையை ஓடவிடுவது, 11 என்றால் ரீசெட், 14 என்றால் பழுதுக் குறிப்புகளை அழிப்பது. உட்காரவைத்து "உன் ப்ரோக்ராமில் இந்த நான்கும் இல்லையே?" என்று கேளுங்கள், அம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கொஞ்சம் மிரள்வான், மிரளட்டும். வண்டி ஓடும்போது யாரும் அந்தத் திரையைப் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும், மாட்டியபடியே விட்டால் வண்டியின் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கி, காலையில் கார் எழுந்திருக்காது. வாரண்டி பற்றி அப்பா சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், வாரண்டி புத்தகத்தை எடுத்து வெளிக்கருவி மாட்டுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே படிக்கட்டும், சர்வீஸுக்கு விடும் நாளில் எதுவும் மாட்டியிருக்க வேண்டாம்.

இனி அந்த நோட்டு. உண்மையில் நான் அதிக நேரம் பார்த்தது அதைத்தான். ஒரு பக்கத்தில் "6-க்கும் 14-க்கும் நடுவே 60.4 ஓம், மாட்யூலில் இருந்த 120-ஐ எடுத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறான். உங்களுக்கு இது கிறுக்கல் மாதிரி தெரிந்திருக்கும். அந்த லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், பேரலலில் சேர்ந்தால் 60. கடையில் வாங்குகிற மாட்யூலில் பெரும்பாலும் இன்னொரு 120 பொருத்தியே வரும், அதையும் சேர்த்தால் 40-க்கு இறங்கி லைனுக்குத் தொந்தரவு. பையன் செருகுவதற்கு முன் அளந்திருக்கிறான், அளந்து புரிந்துகொண்டு அதைக் கழற்றியிருக்கிறான். யாரோ சொன்னதைப் பார்த்துக் காப்பியடிக்கிறவன் இதைச் செய்ய மாட்டான்.

அடுத்த பக்கம் அதைவிட நன்றாக இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்கு அப்பா ஓட்ட, இவன் பின்சீட்டில் உட்கார்ந்து ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊர் ஊராகக் குறித்திருக்கிறான். அரியாங்குப்பம் பாலத்தில் இறங்கும்போது கரண்ட் மைனஸில் போனதைக் குறித்துப் பக்கத்தில் "ரீஜென்!" என்று ஆச்சரியக்குறி, அதாவது மோட்டாரே டைனமோவாக மாறி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்த இடம். அதற்குக் கீழே "81% – 3.33, 52% – 3.29, பர்சன்ட் இவ்வளவு இறங்கியும் வோல்டேஜ் ஏன் இறங்கவில்லை?" என்று எழுதி இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறான். முதல் எண் மீதி இருக்கிற சார்ஜ், இரண்டாவது ஒரு செல்லின் வோல்டேஜ்.

அந்த வட்டம்தான் எனக்கு முக்கியம். உங்கள் காரில் இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. நடுப்பகுதி முழுக்க அதன் செல் வோல்டேஜ் கிட்டத்தட்ட சமதரையாகவே போகும், அதைப் பார்த்து எத்தனை சதவீதம் மீதி என்று சொல்ல முடியாது. அதனால் காரின் பேட்டரி மேலாண்மை கம்ப்யூட்டர் உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் இரண்டையும் நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக் கழித்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது. சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே வரும், அதனால்தான் இந்த வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை சார்ஜ் செய்து கணக்கை நேராக்கச் சொல்கிறார்கள். கரண்டை நேரத்தோடு கூட்டுவது என்பது பிளஸ் டூ கணக்கில் வருகிற தொகையிடல்தான், செல் வோல்டேஜ் வேதியியலில் மின்வேதியியல் பாடம், மிச்சம் இயற்பியலில் மின்னோட்டவியல். அவன் கணக்கு சார் இந்த நோட்டைப் பார்த்தால் சந்தோஷப்படுவார், காட்டச் சொல்லுங்கள்.

இப்படி நோண்டுவது உங்கள் வீட்டுப் பிள்ளை மட்டுமில்லை. 2010 கடைசியில் நிசான் லீஃப் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தபோது பேட்டரியின் ஆரோக்கியத்தை டாஷ்போர்டில் 12 கோடுகளாக மட்டும்தான் காட்டியது. அரிசோனா வெயிலில் அந்தக் கோடுகள் சீக்கிரம் சீக்கிரம் குறைய ஆரம்பித்ததும், வண்டி வைத்திருந்தவர்களே கேன் தகவலைப் பிரித்துப் படித்து, 96 செல் ஜோடிகளின் வோல்டேஜையும் தனித்தனியாகப் போனில் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் கடலூர் மே மாத வெயிலும் லேசுப்பட்டதில்லையே.

சரி, படிப்புக்கு வருவோம். இதைக் கசப்பாகவே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவிக்குப் பொறியியல் கலந்தாய்வில் அரை மார்க் கூடக் கிடைக்காது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான், அங்கே யாரும் நோட்டைப் பார்க்க மாட்டார்கள். அதனால் தேர்வு வரைக்கும் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். ஏற்கெனவே செய்ததில் ஒரு மெமரி கார்டைச் சேர்த்து, வண்டி ஓடும்போது தானாகவே பதிவாகிற மாதிரி செய்யட்டும், அப்பா ஓட்டி முடித்ததும் கழற்றி வைத்துவிடலாம், இவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் அதை எடுத்துப் பார்க்கட்டும். முழுக்கப் பிடுங்கி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், புத்தகத்துக்குள் போனை மறைத்து வைத்து அதையே படிப்பான்.

எந்தப் பிரிவு? கார்மேல் ஆசை, அதனால் ஆட்டோமொபைல் என்று அவசரப்பட வேண்டாம். இந்த வேலையில் அவன் எந்த இடத்தில் நேரம் போவது தெரியாமல் உட்காருகிறான் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். ஒயர், சால்டரிங், சிக்னல் ஏன் வரவில்லை என்று மல்டிமீட்டரோடு மல்லுக்கட்டுவது என்றால் ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். பேட்டரி ஏன் சூடாகிறது, ஏசி எவ்வளவு இழுக்கிறது, அந்த வட்டம் போட்ட கேள்வி மாதிரி விஷயங்கள் என்றால் ட்ரிபிள் ஈ, அதாவது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ். எண்கள் வந்த பிறகு அதைத் திரையில் அழகாகக் காட்டுவது, கிராஃப் போடுவது, அதிலிருந்து எதையோ கண்டுபிடிப்பது என்றால் சித்தப்பா சொன்னதே சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். நோட்டை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் எனக்கு ட்ரிபிள் ஈ என்றுதான் படுகிறது, அடுத்து ஈசிஇ. எலக்ட்ரிக் வாகனம் என்ற பெயரிலேயே புதிதாகத் திறக்கிற பி.இ. பிரிவுகளைக் கண்டு மயங்காதீர்கள், பதினேழு வயதில் அவ்வளவு குறுகின சந்துக்குள் நுழைய வேண்டியதில்லை, அடிப்படைப் பிரிவை எடுத்துவிட்டு நான்காண்டில் அங்கே போய்க்கொள்ளலாம்.

பண்ருட்டி அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள், முக்கியமாக லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று அங்கே படிக்கிற பசங்களிடம் கேளுங்கள். காலாப்பட்டு பக்கமிருக்கிற புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நல்ல இடம்தான், ஆனால் அங்கே சேர்க்கை நடத்துகிற சென்டாக் வழியில் புதுச்சேரிக்காரர்களுக்கே முன்னுரிமை, பக்கத்து ஊர் என்பதற்காக அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். ஐஐடி மெட்ராஸ் 2023-ல் தொடங்கிய எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பிஎஸ் படிப்பும் இருக்கிறது, பெரும்பகுதி ஆன்லைன், லேப் சிலவற்றுக்கு நேரில் போக வேண்டும், ஜேஇஇ தேவையில்லை, அவர்களே நடத்துகிற தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். கல்லூரியோடு சேர்த்து இரண்டையும் இழுப்பது கஷ்டம், முதல் ஆண்டு முடிந்த பிறகு யோசிக்கலாம்.

வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். ஓசூரில் ஏதர், டிவிஎஸ், செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா ஆராய்ச்சி மையம், ரெனோ நிசான் தொழில்நுட்ப மையம், எல்லாமே உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ், ஒரு ரயில் தூரம்தான். இப்படிப்பட்ட கம்பெனிகளில் பேட்டரி டெஸ்டிங், எம்பெடெட் (வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள்), டயக்னாஸ்டிக்ஸ் (பழுது கண்டுபிடிப்பது) என்று இதே மாதிரி வேலைகள் இருக்கும். அந்த இன்டர்வியூவில்தான் இந்த நோட்டு பேசும், அதனால் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள், தப்பாகப் போனதையும் கிழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அரையாண்டு மார்க் வந்ததும் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், கட்-ஆஃப் போட்டுப் பார்த்து எந்தக் கல்லூரி கைக்கு எட்டும் என்று பேசலாம். அடுத்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த 3.29-க்கு அவனே என்ன பதில் கண்டுபிடித்திருக்கிறான் என்று கேட்க வேண்டும்.