பூங்காவுல சீமைக்கருவேலம்: ‘ஃப்ரீயா எடுத்துத் தர்றோம்’னு வர்றவங்களை நம்பலாமா?

கேள்வி: எங்க ஏரியா வனப் பூங்காவுல ஞாயித்துக்கிழமை பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து சீமைக்கருவேலம் வெட்டுறோம். மழை முடிஞ்சதும் முன்னைவிட அடர்த்தியா வந்துடுது. ஒரு கான்ட்ராக்டர், காசே வேணாம், மரத்தை மட்டும் எடுத்துக்கிறேன்கிறார். விடலாமா?

பதில்: தயவுசெஞ்சு விடாதீங்க. அவருக்கு வேண்டியது விறகும் கரியும்தான், வேர் இல்ல. தரையோட அறுத்து லாரியில ஏத்திட்டுப் போயிடுவார், ரெண்டு மழை பெஞ்சா ஒத்தைத் தண்டு நின்ன இடத்துல ஏழெட்டுத் தண்டு புதரா கிளம்பும். நீங்க வெட்டினதும் இதனாலதான் திரும்ப வருது. துளிர் விடுற மொட்டு மண்ணுக்குள்ள, தண்டும் வேரும் சேர்ற கழுத்துல இருக்கு. அரை அடி, பெரிய மரம்னா ஒரு அடி தோண்டி, அந்தக் கழுத்துக்குக் கீழ வேரை வெட்டி, கட்டையோட வெளிய எடுக்கணும். கையால ஆகாத மரத்துக்கு மட்டும் ஜேசிபி, அதுவும் உங்க ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.

ஏன்னா நாட்டுக் கருவேலமும் அங்க இருக்கும், அது நம்ம மரம், அதைத் தொடக்கூடாது. விறகுக்காரருக்கு ரெண்டும் காசுதான், சேர்த்தே சாய்ச்சுடுவார். நாட்டு மரத்துல பூ மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்த மாதிரி தொங்கும். சீமையில பூ விரல் நீளத்துக்குக் கதிரா வரும், காய்ல அந்த இடுக்கு இருக்காது. வெள்வேலத்துலயும் உருண்டைப் பூதான், அதையும் விட்டுடுங்க. பூவும் காயும் இல்லாத நேரம்னா சந்தேகமான மரத்துல ஒரு ரிப்பன் கட்டிட்டு பூக்குற வரைக்கும் பொறுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது.

அனுமதியை எழுத்துல வாங்குங்க. 2022-லயே அந்நியத் தாவரங்களை அகற்ற தமிழ்நாடு அரசு கொள்கை வெளியிட்டாச்சு, ஆனா இடம் யாருதுன்னு கேட்டுப் போனா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கைகாட்டுது, சும்மா வந்து உழைக்கிறவங்களை இப்படி அலையவிடுறதைப் பார்த்தா வயிறு எரியுது. இருந்தாலும் அனுமதி வாங்காம விடாதீங்க, பொது இடத்து மரம் அரசு சொத்து, கான்ட்ராக்டர் வித்துட்டுப் போயிட்டா பதில் சொல்ல நிக்கப்போறது நீங்க.

அப்புறம் கன்னு. ஆடு மாடு நெத்தை, அதான் முத்திக் காஞ்ச காயை, தின்னு சாணியில விதையைப் போட்டுட்டே இருக்கும், மண்ணுலயும் விதை வருஷக்கணக்கா கிடக்கும். அதனால நெத்து விழுந்ததுமே பொறுக்கிடுங்க. கார்த்திகை மார்கழி ஈரத்துல சின்னக் கன்னு வேரோட கையில வந்துடும், தை தாண்டினா மண்ணு இறுகிடும். ரப்பர் செருப்போட மட்டும் யாரையும் உள்ள விடாதீங்க, முள்ளு அடியைத் துளைச்சு கால்ல ஏறிடும்.